பதினான்காம் வரி

"கையெழுத்துப் போடுங்க சார்."

"படிச்சிண்டிருக்கேன், அம்மா."

"அரை மணி நேரமாப் படிக்கிறீங்க."

"இருபத்திரண்டு வரி இருக்கே."

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பெண்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில், பத்தாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், அல்பாக்கா கோட்டும் பஞ்சகச்சமுமாக உட்கார்ந்திருந்தார் அனந்தராமன். கட்டிலில் அவர் மனைவி நாகலக்ஷ்மி படுத்திருந்தாள். ஆறு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி. உள்ளே கட்டி இருக்கிறது, அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நாளைக் காலையில் ஆபரேஷன். இன்று மாலை ஐந்து மணிக்குள் புருஷன் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள் நர்ஸ்.

நீல மையில் கையால் எழுதிய இங்கிலீஷ் காகிதம். ஒன்பதாம் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அனந்தராமன் தம் பேனாவால் அதைப் போட்டார். பதினான்காம் வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அங்கே 'கோலெக்டமி' என்று ஒரு வார்த்தை உட்கார்ந்திருந்தது.

அனந்தராமன் மதுரை ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். இருபது வருஷ சர்வீஸ். ஒரு பத்திரத்தின் அடியில் அவர் கையெழுத்து இருந்தால் ஜட்ஜ் துரை அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட பெயரைச் சும்மா வாங்கிவிட முடியுமா? ஒரு முறை கண்மாய் வழக்கு ஒன்றில் 'கலிங்கு' என்று ஒரு சொல் வந்தது. அக்கிரகாரத்திலேயே பிறந்து வளர்ந்த அனந்தராமனுக்கு அது என்னவென்று தெரியாது. யாரையாவது கேட்டு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மனிதர் திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே போய், கண்மாய்க் கரையில் நின்று, தண்ணீர் வழிகிற அந்தக் கல்கட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் இங்கிலீஷில் எழுதினார். நேர்மை என்றால் அது நேர்மை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

"பதினாலாம் வரியில ஒரு வார்த்தை புரியலை" என்றார்.

"டாக்டரம்மாவைக் கேட்டுருங்களேன் சார்" என்றாள் நர்ஸ்.

கட்டிலிலிருந்து நாகலக்ஷ்மியின் குரல் மெலிதாக வந்தது. "அதெப்படி அவரைக் கேக்கறது? அவர் கட்சிக்காரர் இல்லையோ? கட்சிக்காரர் சொல்ற அர்த்தம் செல்லாதுன்னு நீங்கதானே சொல்வேள்?"

அனந்தராமன் நிமிர்ந்தார். உண்மைதான். வாதியோ பிரதிவாதியோ தன் பத்திரத்துக்குத் தானே அர்த்தம் சொன்னால் கோர்ட் ஏற்றுக்கொள்ளாது. சம்பந்தமில்லாத மூன்றாவது மனிதன்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக ராத்திரி சாப்பாட்டின்போது அவர் கோர்ட் கதை சொல்லச் சொல்ல, நாகலக்ஷ்மிக்குச் சட்டம் பாதிக்குமேல் பாடமாகியிருந்தது.

"பேஷ்!" என்றார் பெருமையோடு. "மூணாம் மனுஷா வாயாலதான் கேக்கணும்."

"போய் விசாரிச்சுண்டு வாங்கோ. எனக்கு என்ன, படுத்துண்டுதானே இருக்கப்போறேன்? அர்த்தம் தெரியாம நீங்க கையெழுத்துப் போட்டேள்னு எனக்கு ஒரு கெட்ட பேர் வரப்படாது. இந்தாங்கோ, குடை. வெயில் ஜாஸ்தியா இருக்கும்."

நர்ஸ் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அனந்தராமன் காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். காலை எட்டு மணி அடித்தது. எட்டுக்குமேல் ஆண்களுக்கு வார்டில் இடமில்லை. கதவருகே திரும்பிப் பார்த்தார். நாகலக்ஷ்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பயம் என்று அதற்குப் பெயர். ஆனால் அனந்தராமன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நடைமுறை என்பார். போன ஆடியில் நாகலக்ஷ்மி சேனைக்கிழங்கு நறுக்கும்போது அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்ற அனந்தராமன் மயக்கம் போட்டு விழுந்தார். அவள் ரத்தம் சொட்டும் விரலைப் புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். எழுந்ததும் அவர், "உஷ்ணம்" என்று தீர்ப்புச் சொன்னார். அவளும் மேல்முறையீடு செய்யவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜட்கா தயாராக நின்றது. வண்டிக்காரன் மலைச்சாமி அந்த வார்டு ஆயா செல்லக்கிளியின் புருஷன்.

"ஏறுங்க சாமி. எங்க போகணும்?"

"கோர்ட்டுக்கு விடு."

கோர்ட் நூல்நிலையத்தில் தலையணை தலையணையாக ஓர் அகராதி இருந்தது. அதில் கோலெக்டமி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் 'கோல்' என்று ஒன்று இருந்தது. மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் என்று அர்த்தம் போட்டிருந்தது. அனந்தராமன் அதையும் விடாமல் குறித்துக்கொண்டார். ஆனால் நாகலக்ஷ்மியின் வயிற்றில் செங்கோட்டைக் கணவாய் இருப்பதற்கு நியாயமில்லை என்று அவருக்கே பட்டது.

வக்கீல் சீதாராமன் உள்ளே வந்தார். உதவி செய்வதில் அவருக்கு அளவில்லாத ஆசை. அதனாலேயே பலபேர் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள்.

"என்ன ஓய், காலங்கார்த்தாலே அகராதி?"

அனந்தராமன் விஷயத்தைச் சொன்னார்.

"அர்த்தம் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டாளா? அநியாயம்! விடப்படாது! இப்பவே ஒரு நோட்டீஸ் விடறேன். 'மேற்படி வார்த்தையின் பொருளை ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்காவிட்டால்…'"

"நாளைக்கு ஆபரேஷன் ஓய்!"

"அப்போ தடையுத்தரவு வாங்கிடலாம்! இன்னிக்கே வாங்கிடலாம்!"

'தடையுத்தரவு' என்ற சொல் கோர்ட் வராந்தாவில் விழுந்தால் அது சும்மா கிடக்குமா? கால் மணி நேரத்தில் மூன்று குமாஸ்தாக்கள் வந்து அனந்தராமன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோங்கோ" என்றார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது. நாலாவது குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அனந்தராமன் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

அடுத்தபடி அவருக்குத் தோன்றியது மைத்துனன் கல்யாணராமன். நாகலக்ஷ்மியின் தம்பி, பேரையூர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். மருந்து வாடையிலேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாமலா போகும்? மைத்துனன் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அவன் மூன்றாம் மனிதன்தான். நேரே தபாலாபீசுக்குப் போய்த் தந்திக் காகிதத்தை வாங்கி எழுதினார்.

'நாகலக்ஷ்மி. கோலெக்டமி. உடனே விளக்கவும்.'

தந்தி குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சார், தந்தியாச்சே. 'சௌக்கியம்'னு இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கலாமே?"

"விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத வார்த்தை பத்திரத்துக்கு ஆகாது" என்றார் அனந்தராமன்.

இருபது வருஷ சர்வீஸில் அவர் செய்த ஒரே பிழை அந்தத் தந்திதான். ஒரு வார்த்தை அதிகம் எழுதிக் கெட்டவர்கள் உண்டு, குறைய எழுதிக் கெட்டவர்களும் உண்டு. தந்தி அடித்தே கெட்டவர் அன்று அவர் ஒருவர்தான்.

வெளியே வந்து வண்டியில் ஏறினார். "பதில் எப்போ வருமோ தெரியலை" என்று முணுமுணுத்தார்.

"பொழுது சாஞ்சிரும் சாமி" என்றான் மலைச்சாமி. "எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர் டாக்டர் அம்புட்டுப் பேரும் நம்ம டாக்டரம்மாவுக்கு வேண்டியவுகதேன். ஒருத்தரும் மூணாம் மனுசர் கிடையாது. ஆனா அலங்காநல்லூர்ல ஒருத்தர் இருக்காரு. பெரிய படிப்பாளி. அறுக்குறது தைக்குறது எல்லாம் தெரியும்."

"டாக்டரா?"

"டாக்டர்தேன். மாட்டு டாக்டர்."

அனந்தராமன் ஒரு நிமிஷம் யோசித்தார். சட்டத்தில் தடை ஒன்றும் தென்படவில்லை. "விடு" என்றார்.

குதிரைக்கு அன்று கல்யாண ஊர்வலத்தில் போகிற நினைப்பு. வைகையைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் தண்ணீர் குடித்தது. தாண்டியபின் ஒரு புளியமரத்தடியில் தானாகவே நின்றது.

"கொஞ்சம் தட்டி ஓட்டேன்பா!"

"வாயில்லாச் சீவன் சாமி. வெயிலப் பாருங்க."

மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. குடை இல்லாவிட்டால் மனிதர் வதங்கியிருப்பார். கையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கோ-லெக்-டமி. அவள் உடம்பிலிருந்து எதையோ எடுக்கப்போகிறார்கள். எதை? எடுத்தபின் அவள் அவளாகவே இருப்பாளா? வீட்டில் காப்பிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. கேட்கும்படி அவள் வைத்ததும் இல்லை. அவள் இல்லாத அந்த வீட்டை நினைக்கப் பார்த்தார்; முடியவில்லை. அவசரமாக மறுபடி பதினான்காம் வரிக்குள் புகுந்துகொண்டார். அங்கே இருந்தவரைக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்தது.

அலங்காநல்லூர் போய்ச் சேர மணி ஒன்று. மாட்டு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு காளையின் கொம்பில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் டாக்டர் ஜனகராஜ். மதுரைச் சௌராஷ்டிரத் தெருக்காரர். தறிக்குழியில் பிறந்து சர்க்கார் செலவில் மாட்டு வைத்தியம் படித்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் தொங்கிய ஒரு கயிற்றை எடுத்தார். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, காலால் மிதித்து இழுத்து இறுக்கினார்.

"சார், இது கிணத்துக் கயிறுன்னு வச்சுக்கங்க. நடுவுல இப்படி ஒரு முடிச்சு விழுந்துருச்சு. உருளையில ஓடாது. என்ன செய்வீங்க?"

"அவிழ்ப்பேன்."

"அவிழுங்க பாப்போம்."

அனந்தராமன் நகம் வலிக்க முயன்றார். "அவிழலை."

"அவிழாது. அப்புறம்?"

"…அந்த இடத்தை வெட்டணும்."

"வெட்டிட்டு?"

"ரெண்டு முனையையும் சேர்த்து முடியணும்."

"அதுதான் சார் கோலெக்டமி. கோலன்னா பெருங்குடல். எக்டமின்னா வெட்டி எடுக்கறது. கட்டி உக்காந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு, நல்ல முனை ரெண்டையும் சேர்த்துத் தைக்கறது. நீங்களே சொல்லிட்டீங்க, நான் எங்க சொன்னேன்?"

இத்தனை சுத்தமான மொழிபெயர்ப்பை அனந்தராமன் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த மனிதர் காலில் விழலாம்போல இருந்தது. விழுந்தும்விட்டார். ஆனால் அது நமஸ்காரம் இல்லை. வெட்டுவது, தைப்பது, நாகலக்ஷ்மி, குடல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்முன் வந்ததும் கால் இரண்டும் துவண்டு, வைக்கோலில் மல்லாந்து கிடந்தார்.

கண் திறந்தபோது முகமெல்லாம் கழுநீர். காளை அவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"உஷ்ணம்" என்றார் அனந்தராமன்.

"இருக்கும், இருக்கும்" என்றார் ஜனகராஜ், நல்ல மனிதர்.

"தைச்சா… தாங்குமா டாக்டர்?"

"தைக்கிற கையைப் பொறுத்தது. மாட்டுக்கு ஒரு தையல் போடறதுக்கே எனக்குக் கை நடுங்கும். அந்த டாக்டரம்மா கையை நான் ஒருதரம் பாத்திருக்கேன் சார். தெய்வத்தைக் கும்பிடற மாதிரி கும்பிடலாம். ஆனா ஒண்ணு. முழுசா அடைச்சுக்கிட்டா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. நேரம்தான் முக்கியம். நீங்க ஏன் சார் காலையிலேருந்து கையெழுத்துப் போடாம சுத்திக்கிட்டு இருக்கீங்க?"

அனந்தராமன் வைக்கோலை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மலைச்சாமி! வண்டியைக் கட்டு!" என்று அனந்தராமன் போட்ட கூச்சலில் காளை கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

வண்டி கிளம்பிய உடனே காகிதத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்தைப் போட்டார். குதிரை குலுக்கிய குலுக்கலில் 'அனந்த' ஒரு வரியிலும் 'ராமன்' இன்னொரு வரியிலும் போய் விழுந்தன. அவர் கவலைப்படவில்லை. ஒரு வார்த்தையின் மானத்தைக் காப்பாற்றப்போய் ஒரு முழு நாளைத் தொலைத்துவிட்டோமே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். திரும்பும்போதும் குதிரை புளியமரத்தடியில் நின்றது. அனந்தராமன் குடையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மலைச்சாமி மறுபேச்சுப் பேசாமல் விரட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். வாசலில் பேரையூர்க் கூட்டம் நின்றது. கல்யாணராமன், அவன் மனைவி, மாமனார், அக்கம்பக்கத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சாஸ்திரிகள்.

"அத்திம்பேர்ர்ர்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான் கல்யாணராமன். "அக்கா போயிட்டாளே! மகாலக்ஷ்மி மாதிரி இருந்தாளே!"

அனந்தராமனுக்கு உலகம் சுற்றியது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "போயிட்டாளா? எப்போ? யார் சொன்னா?"

"நீங்கதானே தந்தி அடிச்சேள்!"

"நானா?… டேய், தந்தியைப் படிச்சியா நீ?"

கல்யாணராமன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "தந்தியை யாராவது படிப்பாளோ? தபால்காரன் தந்தின்னான், ஆத்துக்காரி அழ ஆரம்பிச்சா, பஸ் ஏறிட்டோம்."

மடியிலிருந்து ஒட்டுப் பிரிக்காத தந்தியை எடுத்து நீட்டினான். அனந்தராமனுக்கு அவனை அறைய வேண்டும்போலவும் முத்தமிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. காகிதத்தைக் கொடிபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "போட்டுட்டேன்! கையெழுத்துப் போட்டுட்டேன்!" என்று கத்திக்கொண்டே மூன்றாம் வார்டுக்குள் ஓடினார்.

பத்தாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது.

அனந்தராமன் அப்படியே நின்றார். இந்த முறை மயக்கம்கூட வரவில்லை. தொண்டையிலிருந்து, "நாகு" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"உஸ்ஸ்!" என்று பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டினாள் ஆயா செல்லக்கிளி. "கத்தாதீக சாமி. அம்மா இப்பத்தேன் கண்ணு அசந்திருக்காக."

"இங்கேயா? ஏன்? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? எல்லாம் நல்லபடியா ஆச்சு. காலையில ஒம்பது மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாக. பதினோரு மணிக்கு டாக்டரம்மா சிரிச்ச மொகமா வெளிய வந்தாக. பெருங்குடல்ல கட்டி இருந்த எடத்த ஒரு சாண் வெட்டிப்புட்டு, ரெண்டு பக்கமும் சேத்துத் தச்சிருக்காக. அம்புட்டுத்தேன். இனி பத்து நாளைக்குக் கஞ்சித்தண்ணி."

அனந்தராமன் வாய் பிளந்தார். நூல்நிலையத்தில் இல்லாத அர்த்தம், கம்பவுண்டருக்கு எட்டாத அர்த்தம், இருபது மைல் வெயிலில் அலைந்து பெற்ற அர்த்தம். "உனக்கு… உனக்கு எப்படி இது தெரியும்?"

"அம்மாதேன் சொன்னாக. டாக்டரம்மாகிட்ட அம்புட்டையும் நோண்டி நோண்டிக் கேட்டுக்கிட்டு, நாலு நாளா வார்டுல எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லிக்கிட்டு இருந்தாக. எட்டாம் நம்பர்க் கிழவிக்குக்கூடப் பயம் போயிருச்சு."

கதவிடுக்கில் பார்த்தார். நாகலக்ஷ்மி வெள்ளைப் போர்வைக்குள் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சை அவர் எண்ணிப் பார்த்தார். பதினாலு வரை எண்ணியதும் கண் மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆனா… நாளைக்குன்னுதானே சொன்னா? என் கையெழுத்து இல்லாம எப்படி?"

"அம்மாவே நேத்து கையெழுத்துப் போட்டாச்சு சாமி. 'வயிறு ஒன்னுது, ஒன் கையெழுத்தே போதும்'னுட்டாக டாக்டரம்மா."

அனந்தராமன் கசங்கிப்போன காகிதத்தை நீட்டினார். "அப்படின்னா, இது?"

செல்லக்கிளி அதைத் தலைகீழாக வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்க ஆஸ்பத்திரிக் கையெழுத்துக் காகிதம் அம்புட்டும் தமிழ்ல அச்சடிச்சதுதேன் சாமி. 'எங்க ஆத்துக்காரர் கையில தெரியாத வார்த்தை ஒண்ணக் குடுத்துட்டா, சாயங்காலம் வரைக்கும் அவருக்குப் பயப்பட நேரம் இருக்காது'ன்னு சொல்லி, இத நேத்து அம்மாதேன் டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்குனாக."